காபிக்கடைச் சுவரா, கோயில் மண்டபமா?

அக்கா மகள் இங்கே மலேசியாவில், உப்சியில் (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) ஓவியம் படிக்கிறாள். போன வருடம் அவளும் கூட்டாளிகள் இருவரும் தங்கள் படங்களை விற்க ஆசைப்பட்டார்கள். ஈப்போ பழைய நகரில் ஒரு காபிக்கடைச் சுவர், இல்லையென்றால் சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபம். இரண்டிலும் வைத்துப் பார்த்தோம். நான் மண்டபத்தின் பக்கம்.

ஈப்போவில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2014-இல் லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் ஸகரேவிச் அங்கே சுவரோவியங்கள் வரைந்ததிலிருந்து படம் பார்க்கவென்றே ஆள் வருகிறது. கடைக்கு 30 விழுக்காடு கமிஷன். சில கேலரிகள் பாதியைக் கேட்கும். அதற்கு இது தேவலாம்.

இடித்தது ஃபிரேம்தான். காகிதத்தில் வரைந்ததைச் சுவரில் மாட்டக் கண்ணாடியும் சட்டமும் வேண்டும். ஏ3 அளவுக்கு எங்களுக்கு 70 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. படம் 150 வெள்ளி. கமிஷன் 45, ஃபிரேம் 70 போனால் பிள்ளை கையில் 35 வெள்ளி! அதுவும் விற்றால்தான். விற்காத படத்தின் கதை இன்னும் மோசம். பகலில் ஏர்கோன், இரவில் அடைத்துப்போட்ட கடை. நம் ஊர்க் காற்றின் ஈரம் கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து இறக்கினால் இரண்டு நீர்வண்ணப் படங்களில் பழுப்புப் புள்ளிகள், பூசணம். ஒன்று அவள் பாட்டியின் பால்வாளியை வரைந்த படம். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணாடி காகிதத்தில் ஒட்டாதபடி நடுவே அட்டை வைத்திருக்க வேண்டும், நாங்கள் வைக்கவில்லை.

மண்டபத்தில் தீபாவளிக்கு முந்தைய சனி, ஞாயிறு இரண்டே நாள். கோயிலில் மின்சாரக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். படத்துக்குப் பின்னால் ஓர் அட்டை, மேலே பிளாஸ்டிக் உறை, துணிக் கயிற்றில் கிளிப். ஒன்றுக்கு நாலு வெள்ளிகூட ஆகவில்லை. ஃபிரேம் போடுவது படம் வாங்குகிறவர் பாடு. மிஞ்சியவை அன்று மாலையே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு பெட்டிக்குள் போய்விட்டன. 26 படங்களில் 11 விற்றன. விலை 80 வெள்ளிதான், அதற்கும் பேரம். "பிள்ளை வரைஞ்சதுக்கு எம்பதா?" என்று கேட்ட அண்ணன் ஒருவர், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் படத்துக்கு முன் நெடுநேரம் நின்றார். வாங்கவில்லை. மறுநாள் தன் பழைய தோட்டத்துப் புகைப்படத்தோடு வந்து, "இத வரஞ்சி குடும்மா" என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். காபிக்கடையில் வாங்கியவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது.

இணையத்தில் எங்கள் அனுபவம் மூன்று படங்களோடு சரி. விற்ற ஒன்றும் சொந்தக்காரர் வாங்கியது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கூட்டாளிகளில் ஒருத்தி வெறும் நிறங்களும் கோடுகளுமாக வரைகிறவள். மண்டபத்தில் அவளுடையது ஒன்றுகூடப் போகவில்லை, "இது என்ன பாப்பா?" என்று கேட்டே ஓய்ந்தார்கள். அவள் வரைவது கேன்வாஸில், அக்ரிலிக்கில். கண்ணாடியே வேண்டாம். அவளுடைய படங்கள் இன்னும் ஈப்போவில்தான் தொங்குகின்றன. இதுவரை இரண்டு விற்றிருக்கின்றன.