ஓகஸ்ட் லீவுக்குக் கல்லடியா, பாசிக்குடாவா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் இந்த இரண்டு கடற்கரைகளில் எதற்குப் போவது? கொழும்பிலிருந்து வரும் சொந்தங்கள் வருடாவருடம் கேட்கும் கேள்வி இது.

குளிக்க: பாசிக்குடாக் கடல் குளம் மாதிரி. வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான்.
கல்லடியில் அலை இழுக்கும். காலை நனைப்பதோடு சரி.

பார்க்க: பாசிக்குடாவில் கடலை விட்டால் ஹோட்டல்தான். கல்லடியிலிருந்து ஓட்டோ பிடித்தால், 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த மட்டக்களப்புக் கோட்டை. வாவியைப் பார்த்தபடி அதன் மதிலோரம் நின்றாலே மாலை போய்விடும். அப்புறம் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம். பறுவ இரவில் அதன் கீழே மீன் பாடுமாம். மூன்று தடவை போய் நின்றேன். கேட்டதென்னவோ நுளம்பின் பாட்டுத்தான்.

செலவு: பாசிக்குடாவில் தங்குவதும் சாப்பிடுவதும் பெரிய ஹோட்டலிலேயே என்றால் கை கடிக்கும்.
கல்லடியில் சின்ன விடுதிகள் உண்டு, டவுன் கடையில் நண்டுக்கறியோடு சோறும் கிடைக்கும்.

போக: ஒரே ரயில்தான். பாசிக்குடாவுக்கு வாழைச்சேனையில் இறங்குங்கள். கல்லடிக்குக் கடைசி நிலையம் மட்டக்களப்பு.

கச்சான் காற்றின் சூடு இரண்டு இடத்துக்கும் பொது.

நீந்தத் துடிக்கும் பிள்ளைகள் இருந்தால் இரண்டு நாள் பாசிக்குடா. அம்மம்மாவும் கூட வருகிறார் என்றால் கல்லடி.