ஃபுல்வியா ஸ்போர்ட் ஸகாட்டோவுடன் 13 ஆண்டுகள்

என் காரின் பானெட் மற்றக் கார்களைப்போல முன்னிருந்து மேலே திறக்காது. கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைப் புரட்டுவதுபோலப் பக்கவாட்டில் திறக்கும். அலுமினியத் தகடு என்பதால் கனமே தெரியாது. ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம். உள்ளே என்ஜின் நேராக நிற்காமல் 45 டிகிரி சாய்ந்து படுத்திருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள், எங்கோ மோதியதில் என்ஜின் பெயர்ந்து சாய்ந்துவிட்டதோ என்று நினைப்பார்கள். அப்படி நினைத்த ஒருவரிடம் பேசத் தொடங்கி, இரவு உணவுவரை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கார், இத்தாலிய நிறுவனமான லான்ச்சாவின் 1969ஆம் ஆண்டு ஃபுல்வியா ஸ்போர்ட் 1.3 எஸ். 2012இல் வாங்கினேன். இந்தப் 13 ஆண்டுகளில் 41,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். காட்சிக்கு வைக்க நான் வாங்கவில்லை. மழையிலும் எடுப்பேன், சந்தைக்கும் எடுப்பேன். சாலையில் உப்புத் தூவும் பனிக்காலத்தில் மட்டும் அது கொட்டகையை விட்டு வெளியே வராது.

எந்திரமெல்லாம் லான்ச்சாவுடையது, உடல், மிலானின் ஸகாட்டோ பட்டறையுடையது. உகோ ஸகாட்டோ முதல் உலகப் போரின்போது விமானக் கட்டுமானத்தில் தொழில் கற்றுக்கொண்டு, 1919இல் அந்தப் பட்டறையைத் தொடங்கினார். எடையைக் குறைப்பதும் காற்றைக் கிழிப்பதும் அந்த வீட்டின் குலத்தொழில். இந்த உடலை 1965இல் வரைந்தவர் எர்கோலே ஸ்பாடா. முதலில் முழுக்க அலுமினியத்தில் செய்தார்கள். பிறகு எஃகுக்கு மாறி, கதவு, பானெட் போன்றவற்றை மட்டும் அலுமினியமாக வைத்துக்கொண்டார்கள். என்னுடையது அந்த இரண்டாம் வகை. எல்லா வகையும் சேர்த்துச் செய்யப்பட்டவை ஏறத்தாழ 7,100தான். வட இத்தாலியில் ஆஸ்தி என்ற ஊரில் குடியிருந்து டூரினுக்கு வேலைக்குப் போய்வரும் நான், இவ்வளவு ஆண்டுகளில் வழியில் இன்னொன்றைப் பார்த்தது இரண்டே முறை.

என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நான் இந்தக் காரை வாங்கியதே அதற்காகத்தான். நான்கு சிலிண்டர், 1,298 சிசி, வி வடிவம். ஆனால் அந்த வி ஏறக்குறைய மூடியே இருக்கிறது: இரு வரிசைகளுக்கும் இடையே சுமார் 13 டிகிரிதான். வழக்கமான வி என்ஜினில் வரிசைக்கு ஒன்றாக இரண்டு ஹெட், அதாவது சிலிண்டர்களை மூடும் மேல்பாகம், வேண்டும். இதில் இடைவெளி அவ்வளவு குறுகலாக இருப்பதால் இரண்டு வரிசையையும் ஒரே ஹெட் மூடிவிடுகிறது. மேலே இரண்டு கேம் தண்டுகள். ஒன்று நான்கு சிலிண்டருக்கும் காற்று நுழையும் வால்வுகளைத் திறக்கும்; மற்றது புகை வெளியேறும் வால்வுகளை. அதை அப்படியே சாய்த்துப் படுக்கவைத்ததால் பானெட் தாழ்ந்துவிட்டது. 1.3 லிட்டரில் ஏறக்குறைய 90 குதிரைத்திறன் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். கூட்டல் கழித்தல் பார்க்கும் எந்த முதலாளியும் ஒரு சிறிய காருக்கு இவ்வளவு வேலைப்பாடு உள்ள என்ஜினை அனுமதித்திருக்க மாட்டார்.

லான்ச்சா நிறுவனம் அப்படித்தான் இருந்தது. ஃபியட்டின் பந்தய ஓட்டுநராக இருந்த வின்சென்சோ லான்ச்சா, கிளாவுதியோ ஃபோகோலினுடன் சேர்ந்து 1906இல் டூரினில் தொடங்கிய நிறுவனம் அது. 1922இல் அவர்கள் காட்டிய லாம்ப்டா காரில் சட்டத்தின்மேல் உடலைப் பூட்டும் பழக்கத்தையே விட்டுவிட்டு, உடலையே எடை தாங்க வைத்தார்கள். குறுகிய வி4 என்ஜினும் அந்தக் காரிலேயே வந்துவிட்டது. 1950இல் வந்த அவுரேலியாவில், உலகிலேயே முதன்முறையாக தொடர் உற்பத்திக் கார் ஒன்றில் வி6 என்ஜின் ஓடியது. வின்சென்சோவின் மகன் ஜான்னி 1954இல் டி50 என்ற ஃபார்முலா 1 காரைக் களமிறக்கினார். அடுத்த ஆண்டே அவர்களுடைய தலைசிறந்த ஓட்டுநர் அல்பெர்தோ அஸ்காரி மோன்சாவில் ஃபெராரி ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது இறந்துபோனார். கடன் கழுத்தை நெரித்தது. பந்தயக் கார்கள் ஃபெராரியின் கைக்கும், நிறுவனம் சிமென்ட் தொழிலதிபர் கார்லோ பெசென்தியின் கைக்கும் போயின. அதன் பிறகும் பொறியாளர்களின் போக்கு மாறவில்லை. அந்தோனியோ ஃபெஸ்ஸியாவின் மேற்பார்வையில் 1963இல் ஃபுல்வியா பிறந்தது. 1969இல் நிறுவனமே ஃபியட்டுக்குப் போயிற்று. என் காருக்கும் அதே வயது. அதைத் தொடும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

இனித் துரு. வாங்க நினைப்பவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். என்ஜின், கியர் பெட்டி, முன் சக்கரங்களின் தாங்கு அமைப்பு எல்லாம் ஒரே துணைச்சட்டத்தில் அமர்ந்திருக்கின்றன. அந்தச் சட்டம் உடலோடு பூட்டப்படும் இடங்களில்தான் துரு வீடு கட்டுகிறது. எனக்கு முந்தைய உரிமையாளர் விட்டிருந்த பட்டறையில் அங்கே புட்டி அடைத்து, கறுப்புப் பூச்சு அடித்து மறைத்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டு, மெக்கானிக் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து மெல்ல அழுத்தினார். பொரித்த அப்பளம்போல அது நொறுங்கி, கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்ஜினை இறக்கி, தகடு வெட்டிப் பற்றவைத்து முடிக்க ஏழு மாதமும், நான் காருக்குக் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கும் ஆயின. அலுமினியமும் எஃகும் ஒட்டும் இடங்களையும் பார்க்க வேண்டும். கதவின் அடிவிளிம்பில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அங்கே எஃகோடு ஒட்டிய அலுமினியம் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நான்கு சக்கரங்களுக்கும் டன்லப் டிஸ்க் பிரேக். ஓடிக்கொண்டிருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மாதம் நிறுத்திவைத்தால் பிஸ்டன் இறுகிக்கொள்கிறது. அதனால் பனிக்காலத்திலும் வாரம் ஒருமுறை கொட்டகைக்குள்ளேயே பிரேக்கை மிதித்துவிட்டு வருகிறேன். என்ஜின் பாகங்கள் சாதாரண ஃபுல்வியா கூப்பேயினுடையவைதாம், தேடினால் கிடைக்கும். ஸகாட்டோ உடலுக்கே உரிய கண்ணாடியோ விளிம்புப் பட்டையோ போனால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

என் மெக்கானிக் லான்ச்சாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். கார்புரேட்டரைச் சரிசெய்ய அவர் கருவி எதையும் எடுப்பதில்லை. ஒரு முழ ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொள்வார். மறுமுனையை நான்கு வாய்களிலும் மாறி மாறிக் காட்டுவார். காற்று உள்ளே போகும் சீறல் நான்கிலும் ஒன்றுபோலக் கேட்கும்வரை திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்புவார். ஒருநாள் குழாயை என் காதில் வைத்து, "மூன்றாவது பொய் சொல்கிறது, கேட்கிறதா?" என்றார். அன்று எனக்குக் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துக் கேட்டது.

ஓட்டும் சுகத்தைப் பற்றி. நிற்கும்போது ஸ்டீயரிங் கல்லாக இருக்கும். மூக்கில் எடை அதிகம். வண்டி நகர ஆரம்பித்ததும் அந்தக் கனம் போய், சாலையின் ஒவ்வொரு கல்லும் விரல்நுனிக்கு வரும். முன்சக்கர இழுவை என்பதால் வளைவில் வேகமாக நுழைந்தால் வெளியே தள்ளும். ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் தானே உள்ளே திரும்பிக்கொள்ளும். இந்தக் குணத்தை வைத்துத்தான் 1972இல் சான்ட்ரோ முனாரியும் மாரியோ மன்னுச்சியும் 1.6 எச்எஃப் கூப்பேயில், தங்களைவிடச் சக்தி மிகுந்த கார்களைப் பின்னுக்குத் தள்ளி மான்டே கார்லோ ராலியை வென்றார்கள் என்பது என் எண்ணம். கோடையில் காரின் உட்புறம் வெந்துபோகும். அதற்கு ஒரு விசை இருக்கிறது: அழுத்தினால் சின்ன மின்மோட்டார் முனகிக்கொண்டு பின்கதவை நாலு விரல்கடை உயர்த்தும், உள்ளே தேங்கிய வெப்பக் காற்று அந்த வழியே வெளியேறும். 56 வயதிலும் அந்த மோட்டார் ஒருமுறைகூட என்னைக் கைவிட்டதில்லை.

டொர்டோனாவிலிருந்து ஆஸ்தி வழியாக டூரினுக்கு ரோமானியர்கள் போட்ட சாலையின் பெயர்தான் ஃபுல்வியா. ஆகவே நான் தினமும் ஏறக்குறைய அதன்மேல்தான் போய்வருகிறேன். ஆனாலும் இந்தக் காரை ஓட்ட எனக்குப் பிடித்த பாதை வேறு. சென்ற செப்டம்பரில் பெரியவரை அழைத்துக்கொண்டு, வராலோவிலிருந்து மாஸ்தல்லோனே ஆற்றை ஒட்டி மலையேறும் சாலையில், வின்சென்சோ லான்ச்சா பிறந்த ஃபொபெல்லோ கிராமத்துக்குப் போனேன். வழி முழுக்க வளைவுகள்; மூன்றாம் கியரைவிட்டு இறங்கவோ ஏறவோ அதிகம் தேவைப்படவில்லை. அவர் கண்ணாடியை இறக்கி, பாறைச் சுவரில் பட்டுத் திரும்பிய என்ஜின் ஒலியைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஊருக்குள் நுழைந்ததும், "மூன்றாவதும் உண்மையைத்தான் சொல்கிறது" என்றார்.