மூன்று துண்டுத் துணியும் ஒரு சொட்டு டீசலும்

தலோஜா பக்கம் உள்ள இரசாயன ஆலை ஒன்றின் தீயணைப்புக் குழுவுக்கு நாற்பது உடை தைக்க வேண்டும். விலை கேட்டு வந்த கடிதத்தில் வழக்கமான வரிகளுக்கு நடுவே புதிதாக ஒரு வரி: துணியில் ஃப்ளூரின் வேதிப்பொருள் இருக்கக் கூடாது. தாராவி தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் எங்கள் தையற்கூடம். தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டாது என்று இத்தனை ஆண்டுகளாக நாங்கள் பெருமையடித்து விற்றதெல்லாம் அந்த ஃப்ளூரின் புண்ணியத்தில்தான். அதை எடுத்துவிட்டால் எது போகும், எது வரும் என்று தெரியாமல் விலை எழுத மனம் வரவில்லை.

பிஃபாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த ஃப்ளூரின் குடும்பத்தில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் உண்டு. ஒட்டாத தோசைக்கல்லின் டெஃப்லானும் இதே குடும்பம்தான். கார்பனும் ஃப்ளூரினும் கைகோத்தால் எளிதில் விடாது. மண்ணில் கலந்தாலும் இரத்தத்தில் கலந்தாலும் பல ஆண்டுகள் கிடக்கும். அவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏவை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் முதல் பிரிவில் வைத்தது. அதே முகமை 2022இல் தீயணைக்கும் தொழிலையே முதல் பிரிவில் சேர்த்திருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. நான் போட மாட்டேன். புகையும் கரியும் செய்த பாவத்தை முழுவதும் உடையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனால் உடைக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தள்ளிவிடவும் முடியாது. மாசசூசெட்ஸில் தீயணைப்பு வீரர் ஒருவரின் மனைவி டயான் காட்டர் விடாமல் கேள்வி கேட்டதால்தான் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் பீஸ்லி இந்த உடைகளைச் சோதித்தார். 2020இல் அவர் வெளியிட்ட ஆய்வு, துணியில் ஃப்ளூரின் ஏராளமாக இருப்பதைக் காட்டியது. உரசலும் சூடும் பட்டால் அளவிடக்கூடிய பிஃபாஸ் கூடுகிறது என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024இல் சொன்னது. மாசசூசெட்ஸில் 2027 ஜனவரி முதல் இத்தகைய உடையை விற்கவே தடை.

‘ஃப்ளூரின் இல்லாத உடை’ என்று ஒரே சொல்லில் கேட்கிறார்கள். உடையோ மூன்று அடுக்கு. மேலே தீயைத் தாங்கும் துணி, நடுவில் தண்ணீரைத் தடுக்கும் படலம், உள்ளே சூட்டைத் தடுக்கும் பஞ்சடை. ஒவ்வொன்றிலும் வழக்கு வேறு.

மேல்துணியில் தீயைத் தாங்குவது பூச்சு அல்ல, நூல். நோமெக்ஸ், கெவ்லார், பிபிஐ எல்லாம் இயல்பிலேயே எளிதில் எரியாதவை. பூச்சின் வேலை தண்ணீரையும் எண்ணெயையும் வழியவிடுவதுதான். இதற்கு மூன்று போட்டியாளர்கள்: ஃப்ளூரின் பூச்சு, சிலிகான் பூச்சு, மெழுகு வகைப் பூச்சு. ஃப்ளூரினில் பழையது எட்டுக் கார்பன் சங்கிலி கொண்ட சி8. இப்போது விற்பது ஆறு கார்பன் கொண்ட சி6. சில விற்பனையாளர்கள் நீட்டும் ‘பிஎஃப்ஓஏ இல்லை’ என்ற சான்றிதழைப் பார்த்து ஏமாற வேண்டாம். சி6 பூச்சுக்கும் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். கேட்க வேண்டியது துணியில் மொத்த ஃப்ளூரின் எவ்வளவு என்ற அளவை.

மூன்று சாம்பிளையும் வெட்டுமேசையில் பரப்பினோம். எங்கள் கட்டிங் மாஸ்டரைச் சந்து முழுக்க அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் விரலை நீரில் தோய்த்து மூன்றின் மேலும் உதறினார். மூன்றிலும் நீர் முத்து முத்தாக நின்று, மேசையைச் சாய்த்ததும் ஓடிப்போனது. அடுத்து டீசல், துண்டுக்கு ஒரு சொட்டு. சி6 துணியில் அது குன்றிமணி போல அப்படியே உட்கார்ந்திருந்தது. சிலிகான் துணியில் ஓரம் கலங்கி, ஒரு நிமிடத்துக்குள் எட்டணாக் காசு அளவுக்குக் கருத்துப் பரவியது. மெழுகுத் துணி சொட்டு விழுந்த கணமே குடித்துவிட்டது.

“தம்பி, தண்ணீருக்கு மூன்றும் ஒரே சாதி. எண்ணெய் என்றதும் இரண்டு கட்சி மாறிவிட்டது” என்றார் அண்ணாச்சி.

டீசல் குடித்த துண்டை வாசலுக்குக் கொண்டுபோய் இடுக்கியில் பிடித்துத் தீக்காட்டினேன். எண்ணெய் தீரும்வரை நின்று எரிந்தது. துணி எரியவில்லை; ஆனால் உடுத்தியிருப்பவருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தராது. டீசல் படாத துண்டுகளையும் காட்டினேன். மெழுகு எரிகிற சரக்காயிற்றே என்று அதன்மேல்தான் சந்தேகம். தீயை எடுத்த உடனே அதுவும் அணைந்துவிட்டது. ஐரோப்பியத் தரமான இஎன் 469 அதற்கு இரண்டு நொடி வரை இடம் தருகிறது. வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முறையான கருவிகளோடு கண்டதும் இதுதான்: மாற்றுப் பூச்சுகள் தண்ணீரில் தேறுகின்றன, எண்ணெயில் தோற்கின்றன.

ஆகவே யாருக்கு உடை என்பதைப் பொறுத்தது. கல்பாதேவியிலோ பைகுலாவிலோ பழைய கட்டடத் தீக்குள் நுழைபவர் மேல் கொட்டுவது பெரும்பாலும் குழாய்த் தண்ணீர். அவருக்கு ஃப்ளூரின் பூச்சு தேவையே இல்லை. எண்ணெய்த் தொட்டிக்கு அருகில் நிற்பவருக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

நடுத்துணிதான் எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது. உடையில் ஃப்ளூரின் அதிகம் இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. நுண்துளைகள் உண்டாகும்படி விரித்த டெஃப்லான் படலம்தான் நெடுங்காலமாக இங்கே ராஜா. நீராவி புகும் அளவுக்குத் துளை, நீர்த்துளி புக முடியாத அளவுக்குச் சிறிது. எதிரே நிற்பவை பாலியூரிதேன் படலமும் பாலியெஸ்டர் வகைப் படலமும். துளையில்லாத வகையில் வியர்வையைப் படலமே உறிஞ்சி, மறுபக்கம் கடத்தி வெளியே விடும். கஞ்சிச் சட்டை வியர்வையை வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். சூட்டில் டெஃப்லானுக்கே வெற்றி. அது 327 டிகிரிக்குத்தான் உருகும். பாலியெஸ்டர் 260க்குள் உருகிவிடும். ஆனால் படலம் தனியாகத் தீயில் நிற்பதில்லை, மேலே கவசத்துணி இருக்கிறது.

மும்பையில் கேள்வி வேறு. ஜூலை மாதத்தில் இங்கே சும்மா நின்றாலே சட்டை முதுகில் ஒட்டும். வெளிக்காற்று ஏற்கெனவே ஈரத்தில் ஊறியிருந்தால் உடைக்குள்ளிருக்கும் நீராவிக்கு வெளியே போகும் அவசரம் குறையும், படலம் எந்தச் சாதியானாலும். அமெரிக்காவில் பணியில் உயிரிழக்கும் தீயணைப்பு வீரர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களை வீழ்த்துவது தீயல்ல, இதயம். உடலின் சூடு வெளியேறாத உடை அந்த இதயத்தின் மேல் ஏற்றும் இன்னொரு சுமை.

அண்ணாச்சி அவருக்குத் தெரிந்த சோதனையைச் செய்து காட்டினார். இரண்டு கண்ணாடித் தம்ளரில் கொதிநீர், வாயில் ஆளுக்கொரு படலத்தை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டி, மேலே வேறு தம்ளர்களைக் கவிழ்த்தார். டெஃப்லான் பக்கத்துத் தம்ளர் தேநீர் ஆறுவதற்குள் பனி மூடியது. பாலியூரிதேன் பக்கம் சற்றுப் பொறுத்து, ஆனால் அதேபோல மூடியது. கடைக்காரன் வித்தைதான். எண்ணாகக் கேட்டால் இஎன் 469இல் நீராவித் தடை 30 அல்லது அதற்குக் கீழே இருந்தால் உயர்ந்த நிலை. அமெரிக்கத் தரத்தில் உடை வழியே வெளியேறும் வெப்பம் சதுர மீட்டருக்கு 205 வாட்டுக்குக் குறையக் கூடாது. ஒன்றில் குறைந்தால் நல்லது, மற்றதில் கூடினால் நல்லது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாலியெஸ்டர், பாலியூரிதேன் படலங்கள் ஐரோப்பியத் தீயணைப்பு உடைகளில் நெடுநாளாகவே உண்டு. அமெரிக்காவில் அவை நுழையத் திணறியதற்குக் காரணம் ஒரு சோதனை: நடுப்படலத்தை 40 மணி நேரம் புற ஊதா ஒளியில் காய்ச்சி, அதற்குப் பிறகும் நீர் தடுக்கிறதா என்று பார்ப்பது. டெஃப்லானைத் தவிர மற்றவற்றுக்கு அது நெடுநாள் எமனாக இருந்தது. இந்தச் சோதனைக்காகவே தீயணைப்பு வீரர் சங்கம் தர அமைப்பின் மேல் 2023இல் வழக்குப் போட்டது. படித்ததும் சிரித்தேன். இரண்டு துணிக்கு நடுவே கிடக்கும் படலத்துக்கு வெயிலில் என்ன வேலை? உள்பாவாடைக்குச் சாயம் வெளுக்கிறதா என்று பார்ப்பது போல.

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. போன ஆண்டு ஓர் ஆலைக்கு அளவெடுக்கப் போனபோது மொட்டைமாடியில் பார்த்தது நினைவுக்கு வந்தது. கழுவிய உடைகளை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, கொடியில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். சித்திரை வெயில், நாள் முழுக்க. நம் ஊரில் நடுப்படலமும் வெயில் காண்கிறது. படலம் மட்டுமா, கெவ்லார் நூலே வெயிலில் வலுவிழக்கும். மஞ்சள் பழுப்பாவதைக் கண்ணால் பார்க்கலாம். வெளுப்புக்காகப் போடும் குளோரின் தூளும் அந்த நூலுக்கு ஆகாது. ஆக, பாலியூரிதேன் தோற்குமா ஜெயிக்குமா என்பதைத் துணி ஆலை மட்டும் தீர்மானிப்பதில்லை, துவைப்பவரும் தீர்மானிக்கிறார்.

இன்னொரு புதுத் தலைவலியும் உண்டு. ஃப்ளூரின் போன இடத்தில் புரோமின் வந்து உட்காரலாம். ஃப்ளூரின் இல்லை என்று விற்ற உடைகளிலும் புரோமின் கலந்த தீத்தடுப்புப் பொருள் இருப்பதை டியூக் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. எளிதில் எரியும் படலத்தை எரியாததாக்க அதைச் சேர்ப்பார்கள். பேயை விரட்டிப் பிசாசை வீட்டுக்குள் விடுகிற கதை. எனவே கேட்கும் அளவையில் ஃப்ளூரினோடு புரோமினையும் சேர்த்துக் கேட்கிறேன். கேட்ட மூன்று பேரில் ஒருவர்தான் எழுத்தில் தந்தார். சரக்கு அவரிடம்தான் எடுக்கப்போகிறேன், விலை சற்றுக் கூடினாலும்.

உள்துணியில் பேச அதிகமில்லை. ஃப்ளூரின் அங்கே குறைவு. பாஸ்பரஸ் பூச்சுப் போட்ட பருத்தியில் மொத்த உடையையும் மலிவாக முடித்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: வெல்டிங் வேலைக்கு அது நல்ல துணி. எரியும் கட்டடத்துக்குள் அனுப்ப ஆகாது.

1944 ஏப்ரல் 14இல் இந்த ஊர்த் துறைமுக வெடிப்பில் இறந்த 66 தீயணைப்பு வீரர்களுக்காக ஆண்டுதோறும் அந்த நாளில் மலர் வைக்கிறோம். தீயில் போனவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. ஓய்வு பெற்றுப் பத்தாண்டு கழித்து மருத்துவமனையில் போகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை.

ஆலைக்கு எழுதிய பதில் இது. நாற்பதுக்கும் மேல்துணியில் சிலிகான் பூச்சு, நடுவில் பாலியூரிதேன். தொட்டிப் பகுதியில் நிற்கும் எட்டுப் பேருக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு செட். எண்ணெய் பட்ட உடையை அங்கேயே கழற்றிப் போட்டு மாற்ற வேண்டும், மறுபடி துவைத்த பிறகே உடுத்த வேண்டும். அந்த எட்டுக்குச் சி6 கொடுத்திருந்தால் எனக்குச் செலவும் குறைவு, பேச்சும் குறைவு. பாதுகாப்பு அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டு, இரண்டாவது செட்டைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று அரைமணி நேரம் கேட்டார். கடைசியில் உதிரி உறிஞ்சு குழாய் வாங்கும் தலைப்பில் நுழைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

முதல் உடை நேற்று முடிந்தது. கழுத்துப் பட்டைக்குள் அண்ணாச்சி ஒரு துணிச்சீட்டு வைத்துத் தைத்திருந்தார். ‘நிழலில் உலர்த்தவும். குளோரின் கூடாது’ என்று மராத்தியிலும் இந்தியிலும்.

“அந்தக் குழுவில் நம் ஆட்கள் ஆறேழு பேர் இருப்பார்கள் தம்பி, தமிழிலும் ஒரு வரி போட்டுவிடவா?”

“இடம் இருக்கிறதா அண்ணாச்சி?”

“சீட்டைக் கொஞ்சம் நீளமாக வெட்டினால் போயிற்று.”