குளத்தைப் புதுப்பித்தோம், 4 சென்டிமீட்டர் காணாமல் போனது

பல்கலைக்கழக நீச்சல் குளத்தைப் புதுப்பித்துத் திறந்த அன்று எல்லாரும் கைதட்டினோம். பயிற்சியாளரான நானும்தான், பளபளத்த நீல டைல்ஸைப் படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து, போட்டிக்காக சர்வேயர் வந்து அளந்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 50 மீட்டர் குளம் 49.98 மீட்டராக இருந்தது.

பழைய குளத்தைக் கட்டியவர்கள் விவரமானவர்கள். நேரம் பதிய இரு முனைச் சுவர்களிலும் மாட்டும் டச் பேட் ஒவ்வொன்றும் 1 சென்டிமீட்டர் தடிமன் வரை வரும் என்று யோசித்து, 50.02 மீட்டராகக் கட்டியிருந்தார்கள். நம் ஒப்பந்தக்காரரோ பழைய டைல்ஸை உடைக்கவே இல்லை. அதன் மேலேயே பசை பூசிப் புதியதை ஒட்டிவிட்டார். சுவருக்கு 2 சென்டிமீட்டர் போயிற்று. உடைக்கும் கூலி, இடிபாடு அள்ளும் வண்டி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, எல்லாமே அவருக்கு மிச்சம். பில்லில் மட்டும் 'பழைய டைல்ஸ் அகற்றியது' என்று தனி வரி இருக்கிறது!

கேட்டதற்கு, "நாலு சென்டிமீட்டர்தானே சார், தண்ணி நிரப்பினா யாருக்குத் தெரியும்?" என்றார். போட்டி விதி அப்படியில்லை. நீளம் கொஞ்சம் கூடலாம், குறையவே கூடாது. நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் மேலிருந்து 80 சென்டிமீட்டர் கீழ் வரை சுவரின் எந்த இடத்தில் அளந்தாலும் அந்த நீளம் நிற்க வேண்டும். இப்போது எங்கள் பிள்ளைகள் எவ்வளவு வேகமாக நீந்தினாலும் அந்த நேரம் சாதனைக் கணக்கில் ஏறாது.

தப்பு எங்கள் பக்கமும் உண்டு. 'டைல்ஸ் மாற்றுதல்' என்று எழுதினோமே தவிர, வேலை முடிந்தபின் டச் பேடோடு சேர்த்து நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. உடைக்க வேண்டிய நாளில் யாரும் போய் நிற்கவில்லை. சர்வேயர் அளக்கும் முன்பே கடைசித் தவணையையும் கொடுத்துவிட்டோம். இப்போது ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை.

டைவிங் பக்கம் இன்னொரு கூத்து. 10 மீட்டர் மேடையில் நிற்பவருக்கு அசையாத தண்ணீரின் மேற்பரப்பு எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது. அதைக் கலைத்துக் காட்டத்தான் நீர் தெளிக்கும் குழாய் வைத்திருந்தது. அதன் வாயை அடைத்து மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதனால், யாராவது குதிக்க ஏறினால், கீழே ஒரு மாணவர் தோட்டத்து ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.