எட்டு பவுண்டு டிக்கெட்டும் இரண்டு மணி நேரக் கால்வலியும்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2024 கோடையில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசி ப்ராம்ஸ் என்ற மேற்கத்திய செவ்வியல் இசை விழா ஜூலை 19 முதல் செப்டம்பர் 14 வரை நடந்தது. அதில் பதினான்கு கச்சேரிகள் கேட்டேன், பதினான்கும் நின்றபடி. ஒரு டிக்கெட் 8 பவுண்டு, ஆக மொத்தம் 112 பவுண்டு. அதே கோடையில் ஊருக்கு வெளியே வயல்வெளியில் நடந்த ஒரு திறந்தவெளி விழாவுக்கு (பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்க வேண்டும்) ஒரே ஒரு நாளுக்கு இதைவிட அதிகம் கொடுத்துப் போனேன். முந்தின நாள் பெய்த மழையில் கணுக்கால் வரை சேறு, கார் நிறுத்தத் தனிக் காசு, கழிப்பறை வரிசையில் நாற்பது நிமிடம். யாரைக் கேட்கப் போனேனோ அவர்கள் மேடையேறியபோது வரிசையில் எனக்கு முன்னால் இன்னும் ஆறு பேர். பாட்டு காதில் விழுந்தது, கண்ணுக்கு எதிரே நீலப் பிளாஸ்டிக் கதவு. எப்படியும் நிற்கத்தான் வேண்டும் என்றால் ஆல்பர்ட் ஹாலிலேயே நின்று தொலைக்கலாம் என்று அன்றைக்கு முடிவுசெய்தேன்.

இந்த எட்டு பவுண்டு டிக்கெட்டுக்கு இங்கே ப்ராமிங் என்று பெயர். ஹாலின் நடுவில், மேடைக்கு நேர் முன்னால் உள்ள வட்டமான தரையில் ப்ராம்ஸ் நடக்கும்போது நாற்காலி கிடையாது, அதைத்தான் அரீனா என்கிறார்கள். கூரைக்குச் சற்றுக் கீழே சுற்றிவரும் காலரியிலும் நிற்கலாம். இரண்டும் சேர்த்து ஒரு கச்சேரிக்கு ஆயிரம் பேர் வரை இப்படி நிற்கிறார்கள். டிக்கெட் அன்றன்று காலையில் இணையத்தில் வரும். பெரிய பெயர்கள் வரும் நாளில் தீபாவளி ரயில் முன்பதிவு மாதிரிதான், விரலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மற்ற நாட்களில் பல் தேய்த்து, காபி குடித்து, நிதானமாக வாங்கலாம்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்டால், இருப்பதிலேயே மலிவான டிக்கெட் வாங்கினவன் வித்வானுக்கு மிக அருகில் நிற்கிறான். நம்மூர் சபாவில் நான் பார்த்து வளர்ந்தது நேர் எதிர். முதல் நான்கு வரிசை நன்கொடையாளர்களுக்கும் அழைப்பிதழ்க்காரர்களுக்கும். அதில் பாதி காலியாகக் கிடக்கும், மீதியில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், நிஜமாகவே கேட்க வந்தவன் பால்கனித் தூணுக்குப் பின்னால் கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இங்கே பணக்காரர்கள் சுற்றிலும் சிவப்பு நாற்காலியிலும் தனி அறைகளிலும் உட்கார்ந்திருக்க, எட்டு பவுண்டுக்காரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக நிற்கிறான். வயலின்காரர் பக்கம் புரட்டும் சத்தம் கேட்கிறது. செல்லோ வாசிக்கிறவர் மூச்சை உள்ளே இழுப்பது கூடக் கேட்கிறது. ஒருநாள் முதல் வரிசை வயலின்காரர் ஒருவரின் வில்லில் ஒரு முடி அறுந்து தொங்கியது. அவர் அடுத்த ஓய்வு வரும்வரை பொறுத்திருந்து, வெடுக்கென்று பிடுங்கித் தரையில் போட்டுவிட்டுத் தொடர்ந்தார். அரை விநாடிதான் ஆகியிருக்கும்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து வருகிறவர்களுக்கு வழி சுலபம், டிஸ்ட்ரிக்ட் லைன் பாதாள ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் சவுத் கென்சிங்டன் ஸ்டேஷன், அங்கிருந்து பொடிநடை. நான் ஐந்தரைக்கே போய் ஹாலின் தெற்குப் பக்கப் படிகளில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவேன். புளியோதரைதான், கெட்டுப்போகாது, கையிலும் ஒட்டாது. உள்ளே விற்கிற எதையும் நான் வாங்கிச் சாப்பிடவில்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. சபா கேன்டீன் அடை அவியலை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான்.

கால் விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. முதல் கச்சேரிக்கு ஆபீஸ் ஷூவோடு போனேன். இடைவேளைக்குள் இரண்டு குதிகாலும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டன. இரண்டாவது தடவை ஓடுவதற்கான ஷூ, உள்ளே ஜெல் அட்டை. அப்புறம் பிரச்சினை இல்லை, ஏறக்குறைய இல்லை. தொடங்குவதற்கு முன்னும் இடைவேளையிலும் எல்லாரும் கூச்சமே இல்லாமல் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், நீங்களும் உட்காருங்கள். முட்டி தேய்ந்தவர்களுக்கு அரீனா வேண்டாம். ஆயிரம் பேர் நெருங்கி நின்றால் எந்த மண்டபமாக இருந்தாலும் வேர்க்கும், அதனால் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். உயரமான ஒருவர் கடைசி நிமிடத்தில் உங்கள் முன்னால் வந்து நிற்பார், அது விதி, ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்துகொள்ளுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அந்த அரையைப் பிடித்துக்கொண்டது என் கால்கள்தான்.

இந்த நிற்கிற பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1895 ஆகஸ்ட் 10 அன்று குவீன்ஸ் ஹால் என்ற இடத்தில் ராபர்ட் நியூமன் என்பவர் இந்த விழாவை ஆரம்பித்தார், வாத்தியக்குழுவை நடத்தியவர் ஹென்றி வுட், அப்போது அவருக்கு வயது 26. டிக்கெட் ஒரு ஷில்லிங். உள்ளே சாப்பிடலாம், குடிக்கலாம், புகைக்கலாம்; பாடகர் பாடும்போது மட்டும் தீக்குச்சி உரசாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்களாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த ஆள் காசு போட்ட ஜார்ஜ் கேத்கார்ட். அவர் தொண்டை மருத்துவர். லண்டன் வாத்தியக்குழுக்கள் சுருதியை ரொம்ப ஏற்றி வைத்து வாசிக்கின்றன, பாடகர்களின் குரல் கெடுகிறது, சுருதியை இறக்கினால்தான் பணம் தருவேன் என்று நிபந்தனை போட்டாராம். கட்டை ஏற்றிப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொண்ட எத்தனையோ பேரைப் பார்த்த நமக்கு இப்படி ஒரு டாக்டர் கிடைக்கவில்லையே என்று தோன்றியது. 1927-இல் பிபிசி விழாவை எடுத்துக்கொண்டது. 1941-இல் ஜெர்மன் குண்டுவீச்சில் குவீன்ஸ் ஹால் போய்விட, விழா ஆல்பர்ட் ஹாலுக்கு வந்தது. இடிபாடுகளிலிருந்து மீட்ட ஹென்றி வுட்டின் மார்பளவுச் சிலை இப்போதும் ஒவ்வொரு விழாவிலும் மேடைக்குப் பின்னால் இருக்கிறது, கடைசி இரவில் அதற்கு மாலை போடுகிறார்கள். நம்மூர்ப் பழக்கம் மாதிரியே இருக்கும்.

ஒலி எப்படி? 1871-இல் திறந்த கட்டடம், கோழிமுட்டையைப் பாதியாக நறுக்கிக் கவிழ்த்த மாதிரிக் கூரை. ஒரு காலத்தில் எதிரொலி பெயர்போனதாம், ஒரு தடவை டிக்கெட் வாங்கினால் இரண்டு தடவை கேட்கலாம் என்று கேலி செய்வார்களாம். 1969-இல் கூரையிலிருந்து கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்டு அதைச் சரிசெய்தார்கள். அண்ணாந்து பார்த்தால் ராட்சதக் காளான்கள் தலைகீழாக மிதக்கிற மாதிரி இருக்கும், எல்லாரும் காளான் என்றுதான் சொல்கிறார்கள். அரீனாவில் நிற்கும்போது ஒவ்வொரு வாத்தியமும் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று விரலால் காட்டலாம். காலரியில் எல்லாம் ஒன்றாகக் குழைந்து மேலே வரும், வாசிக்கிறவர்கள் எறும்பு மாதிரி தெரிவார்கள். ஆனால் அங்கே இடம் தாராளம், பாய் கொண்டுவந்து படுத்துக்கொண்டே கேட்கிறவர்கள் உண்டு. பன்னிரண்டு தடவை அரீனா, இரண்டு தடவை காலரி போனேன். காலரியில் ஒருமுறை தூங்கிவிட்டேன், அதில் வருத்தமும் இல்லை.

கேட்டதில் மூன்றைச் சொல்கிறேன். ஆகஸ்டில் அரோரா ஆர்க்கெஸ்ட்ரா, நிக்கோலஸ் காலன் தலைமையில், பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி. அது முதன்முதலில் அரங்கேறி 200 வருடம் ஆன வருடம் அது. முதல் பாதியில் பேத்தோவனுக்குக் காது கேட்காமல் போன கதையை நடித்துக் காட்டினார்கள். இரண்டாம் பாதியில் முழு சிம்பொனியும் மனப்பாடமாக, ஒருவர் முன்னாலும் ஸ்டாண்டு இல்லை, காகிதம் இல்லை. என் பக்கத்தில் நின்ற ஆங்கிலேயர்களுக்கு இது மாயாஜாலம். எனக்கோ, இதில் என்ன இருக்கிறது, நம் ஆட்கள் மூன்று மணி நேரம் மனதிலிருந்துதானே பாடுகிறார்கள் என்று முதலில் தோன்றியது. (இப்போது மேடையில் ஐபேடைப் பார்த்துப் பாடுகிறவர்களும் வந்துவிட்டார்கள், அந்த வழக்கை இன்னொரு நாள் பேசலாம்.) ஆனால் ஒருவர் மனப்பாடம் செய்வது வேறு, இத்தனை பேர் ஒவ்வொருவரும் தன் தன் துண்டை மட்டும் நினைவில் வைத்து ஒரே நேரத்தில் கோப்பது வேறு. காகிதம் இல்லாததால் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள், நடுநடுவே சிரித்துக்கொண்டார்கள். நம் மிருதங்கக்காரரும் வயலின்காரரும் பார்த்துக்கொள்கிற அதே பார்வை. இந்த ஊர் மேடையில் அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதே மாதம் வாத்தியக்குழு நடத்துநர் டேனியல் பாரன்பாய்ம் வந்தார், வயது 81. இஸ்ரேலிய, அரபு இளைஞர்களைச் சேர்த்து 1999-இல் எட்வர்ட் சயீதுடன் அவர் தொடங்கிய வெஸ்ட்-ஈஸ்டர்ன் திவான் ஆர்க்கெஸ்ட்ரா, ஆன்-சோஃபி முட்டர் வயலின். ப்ராம்ஸ் விழாவில் பிராம்ஸ் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் வயலின் கான்செர்ட்டோ. தமிழில் எழுதினால் விழாவும் ஆளும் ஒன்றாகத்தான் விழுகிறார்கள், என்ன செய்வது. பாரன்பாய்ம் மெல்ல, மிக மெல்ல நடந்து வந்தார். கை அதிகம் அசையவில்லை. ஐந்தாறு அடி தூரத்தில் நின்று பார்த்த எனக்கு, ஒரு விரல் தூக்கினால் இருபது வயலின் அடங்குவது செம்மங்குடி மாதிரி வயதானவர்கள் பாடும்போது பக்கவாத்தியம் அடங்குமே, அந்த அடக்கம் மாதிரி இருந்தது. அன்றைக்கு என் கால் வலித்ததா என்று நினைவில்லை.

மூன்றாவதற்கு வருவதற்கு முன்னால் அரீனாக்காரர்களின் பழக்கங்கள். பியானோவின் மூடியைத் தூக்கும்போது கீழே உள்ளவர்கள் “ஹீவ்!” என்று கத்த, காலரி “ஹோ!” என்று பதில் கொடுக்கும். முதல் தடவை தூக்கிவாரிப்போட்டது, மூன்றாவது தடவை நானும் கத்தினேன். இடைவேளையில் சிலர் சேர்ந்து ஒரே குரலில் நன்கொடைக் கணக்கை அறிவிப்பார்கள், போகும்போது வாசலில் வாளியோடு நிற்பார்கள். வருடக்கணக்காக வருகிறவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி விசாரித்துக்கொள்வார்கள், யாருக்கு மூட்டு அறுவை சிகிச்சை, யார் மகள் எங்கே போனாள் என்பது வரை. மயிலாப்பூர் மாமாக்களைத்தான் பார்த்த மாதிரி இருந்தது, ராகம் கண்டுபிடிக்கிற போட்டி மட்டும் இல்லை. 2011-இல் கர்நாடக இசைப் பாடகி அருணா சாய்ராம் இந்த விழாவில் பாடியிருக்கிறார். நான் அப்போது ஊரில் இருந்தேன். இந்த அரீனாவில் நின்றபடி ஒரு தோடி ராகம் கேட்டால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, மூன்றாவது. அங்கே பழக்கமான ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். ஒருநாள் நான் என்னையறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை முறைத்துப் பார்த்தார். இடைவேளையில் மன்னிப்புக் கேட்கப் போனால், அவர் கோபப்படவே இல்லை, விரலை எதற்கு எண்ணினாய், உள்ளங்கையை எதற்குத் திருப்பினாய் என்றுதான் கேட்டார். தரையில் உட்கார்ந்து ஆதி தாளம் சொல்லிக்கொடுத்தேன். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார், வீச்சு மட்டும் கொஞ்சம் பெரிதாக வந்தது, பக்கத்துப் பெண்மணியின் கைப்பையில் பட்டது.

செப்டம்பர் 1 அன்று பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக்குழு, நடத்தியவர் கிரில் பெட்ரென்கோ, புரூக்னரின் ஐந்தாம் சிம்பொனி. ஒன்றேகால் மணி நேரம், இடையில் உட்கார வழியில்லை. செல்லோவும் பாஸும் நரம்பைச் சுண்டி, அடிமேல் அடி வைத்து நடக்கிற மாதிரி ஆரம்பிக்கிறது, ஹாலில் ஒரு இருமல் இல்லை. பெரியவர் இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்தார். இரண்டாம் பகுதி தொடங்கியபோது பார்த்தேன், அவர் கை தொடையில் இருந்தது, சுண்டுவிரல் எண்ணிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இடத்தில் புரூக்னர் ஒரு வேலை செய்திருக்கிறார். கீழே தந்திகள் மும்மூன்றாகத் திஸ்ரத்தில் சுண்டிக்கொண்டு போக, மேலே ஓபோ என்ற குழல் நான்கு நான்காகச் சதுஸ்ரத்தில் தன்பாட்டுக்குப் பாடுகிறது. பெரியவரின் விரல் நடுவிரலில் வந்து நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, இப்போது என்ன செய்வது என்கிற மாதிரிப் பார்த்தார். என் விரலும் அங்கேதான் நின்றிருந்தது.