டிரெய்லர் ஏசியை பேட்டரியில் ஓட்டுவது: எந்த ஏசி, எத்தனை பேட்டரி?

அமெரிக்காவில் டிரெய்லர் வீட்டை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுபவர்களில் பலர், மின் இணைப்புள்ள கட்டண முகாம்களைத் தவிர்த்து, தேசியக் காடுகளிலும் கூட்டாட்சி அரசின் பொது நிலங்களிலும் தங்குகிறார்கள். பெரும்பாலான இடங்களில் 14 நாள் வரை கட்டணமின்றித் தங்கலாம். ஆனால் அங்கே மின்கம்பமும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. விளக்கு, தண்ணீர் மோட்டார், மின்விசிறி, கைபேசி ஆகியவற்றுக்கு ஓரிரு பேட்டரிகளும் கூரையில் சில சோலார் பேனல்களும் போதும். ஏசியைச் சேர்த்தவுடன் அந்தக் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. இந்தக் கேள்வியை எதிர்கொள்பவர்கள் பெரும்பாலும் "எத்தனை பேட்டரி வாங்க வேண்டும்?" என்றுதான் தொடங்குகிறார்கள். எந்த ஏசி என்பதை முதலில் முடிவு செய்தால் பேட்டரியின் எண்ணிக்கை தானாகவே குறையும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே ஏசிகளை முதலில் ஒப்பிட்டு, பிறகு பேட்டரிக்கு வருகிறேன்.

25 அடி நீளமுள்ள ஒரு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். அதன் கூரையில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருவது பெரும்பாலும் 13,500 பி.டி.யு. ஏசி, வீட்டு ஏசிக் கணக்கில் இது 1.1 டன்னுக்குச் சற்று மேல். 120 வோல்ட்டில் இயங்கும் இந்த ஏசி, நல்ல வெயிலில் 1,300 முதல் 1,600 வாட் வரை இழுக்கும். இதன் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான்: முழு விசையில் ஓடும், அல்லது நின்றுவிடும். ஓடத் தொடங்கும் நொடியில் 50, 60 ஆம்பியர் வரை கேட்பதால், பேட்டரி மின்சாரத்தை 120 வோல்ட்டாக மாற்றித் தரும் 3,000 வாட் இன்வர்ட்டர்கூடச் சில நேரம் தாங்காமல் நின்றுபோகிறது. இதற்குத் தீர்வாக விற்கப்படும் சாஃப்ட் ஸ்டார்ட் கருவி அந்தத் தொடக்க இழுப்பை அரைப்பங்குக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது. பழைய ஏசியை வைத்துக்கொள்பவர்கள் கட்டாயம் வாங்க வேண்டிய பொருள் அது. ஆனால் அது தொடக்க இழுப்பை மட்டுமே குறைக்கும், ஓடும்போது ஆகும் மின்சாரத்தில் ஒரு வாட்கூடக் குறைக்காது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பொருத்தினால் பேட்டரி கூடுதல் நேரம் வரும் என்று நம்பி வாங்குபவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

அண்மைக் காலத்தில் கூரை ஏசியிலேயே வேகம் மாறும் இன்வர்ட்டர் கம்ப்ரசர் வந்திருக்கிறது. ஃபூரியன் நிறுவனத்தின் 18,000 பி.டி.யு. சில் கியூப் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இவ்வகை ஏசி மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டிக்கொள்வதால் சாஃப்ட் ஸ்டார்ட் தேவைப்படுவதில்லை. அதைவிடப் பெரிய நன்மை, அறை குளிர்ந்த பிறகு அது நின்று நின்று ஓடாமல், 400 அல்லது 600 வாட் அளவில் தாழ்ந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருப்பதுதான். குறைந்த வேகத்தில் ஓடும் கம்ப்ரசர் ஒவ்வொரு வாட்டுக்கும் கூடுதல் குளிரைத் தருகிறது என்பது இயற்பியல். ஏனெனில் குளிர்ச்சுருளின் பரப்பும் வெப்பச்சுருளின் பரப்பும் அப்படியே இருக்க, கடத்த வேண்டிய வெப்பம் மட்டும் குறைகிறது. பழைய ஏசியின் கூரைத் துளையிலேயே இது உட்காருவதும், இரவில் தலைக்கு மேல் திடீரென்று உறுமல் கேட்காததும் கூடுதல் வசதிகள்.

மூன்றாவது, 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் ஏசி. சரக்கு லாரி ஓட்டுநர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்குவதற்காக உருவான இது, இப்போது வேன்களிலும் சிறு டிரெய்லர்களிலும் ஏறியிருக்கிறது. இன்வர்ட்டர் இழப்பு இல்லை, இன்வர்ட்டரே பழுதானாலும் ஏசி ஓடும் என்பவை இதன் பலம். ஆனால் பெரும்பாலானவற்றின் குளிர்த்திறன் 6,000 முதல் 10,000 பி.டி.யு. வரைதான். 40 டிகிரி செல்சியஸ் வெயிலில் நிற்கும் 25 அடி டிரெய்லரைப் பகலில் குளிர்விக்க அது போதாது. கதவு வைத்த படுக்கையறை ஒன்றை இரவில் குளிர்விக்க நன்றாகவே போதும். 16 அடிக்குட்பட்ட டிரெய்லர் வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். நம் 25 அடி வண்டிக்கு இது முதல் தெரிவு அல்ல.

வீட்டுச் சுவரில் மாட்டும் மினி ஸ்பிளிட் ஏசியையும் ஜன்னல் இன்வர்ட்டர் ஏசியையும் டிரெய்லரில் பொருத்துபவர்கள் உண்டு. மின் சிக்கனத்தில் இவற்றை மற்றவை நெருங்க முடியாது: 9,000 பி.டி.யு. மினி ஸ்பிளிட் தாழ்ந்த வேகத்தில் 200, 300 வாட்டோடு அடங்கிவிடும், விலையும் குறைவு. ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டரில் குலுங்கிச் செல்லும் வண்டிக்காக அவை வடிவமைக்கப்படவில்லை. செப்புக் குழாய் இணைப்புகள் அதிர்வில் தளர்ந்து குளிர்வாயு கசியக்கூடும், வெளிப்பெட்டியை முன்னே இழுவைச் சட்டத்திலோ பின்னே பம்பரிலோ ஏற்றும்போது எடைப் பகிர்வு மாறுகிறது, உத்தரவாதமும் செல்லாது. ஆண்டின் பெரும்பகுதி ஒரே இடத்தில் நிற்கும் டிரெய்லருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாரந்தோறும் இடம் மாறுபவருக்கு மாட்டேன்.

இப்போது பேட்டரி. பேட்டரியிலிருந்து எடுக்கும் ஆற்றலை நம் மின்கட்டண அட்டையில் உள்ள யூனிட்டிலேயே கணக்கிடுவது எளிது. டிரெய்லரோடு வரும் ஈய அமில பேட்டரிகளில் நல்ல வகை, கோல்ஃப் வண்டிக்கான 6 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைப்பது. 225 ஆம்பியர் மணி, அதாவது 2.7 யூனிட். ஆயுள் கெடாமல் இருக்க அதில் பாதியைத்தான் எடுக்கலாம். அந்தப் பாதியும் மெதுவாக எடுத்தால் மட்டுமே கிடைக்கும். 225 ஆம்பியர் மணி என்பது 20 மணி நேரத்தில், 11 ஆம்பியராக எடுக்கும்போது கிடைக்கும் அளவு. ஏசி கேட்பதோ 12 வோல்ட்டில் 130 ஆம்பியர். வேகமாக எடுக்க எடுக்க ஈய அமில பேட்டரியின் கொள்ளளவு சுருங்கும் என்பதை ஜெர்மானியரான பாய்கர்ட் 1897-லேயே சூத்திரமாக எழுதிவைத்தார். இந்தச் சுமையில் வோல்ட் சடசடவென்று இறங்கி, ஏசி சிறிது நேரம் ஓடிய உடனேயே இன்வர்ட்டர் எச்சரிக்கை ஒலி எழுப்பிவிடும். ஏசிக்கு ஈய அமிலம் வேண்டாம். இதில் ஒப்பிட அதிகம் இல்லை.

லிதியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இந்தச் சிக்கல் ஏறத்தாழ இல்லை. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று 1.28 யூனிட் தரும், 11 முதல் 14 கிலோ எடைதான் இருக்கும், ஆயிரக்கணக்கான சார்ஜ் சுழற்சிகளைத் தாங்கும். நான்கு பேட்டரிகள் சேர்ந்தால் 5.1 யூனிட். 1,500 வாட் ஏசிக்கு இன்வர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 1,650 வாட்டுக்கு மேல் போகும். ஆகவே பழைய ஏசி இடைவிடாமல் ஓடினால் நான்கு பேட்டரிகளும் மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பகல் வெயிலில் அது அப்படித்தான் ஓடும்.

இரவின் கணக்கு வேறு. அரிசோனா போன்ற வறண்ட பகுதிகளின் மேட்டு நிலங்களில் சூரியன் மறைந்ததும் வெப்பம் சரசரவென்று இறங்கும். பழைய ஏசி பாதி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும். ஒன்பது மணி நேரத் தூக்கத்துக்கு என் கணக்கில் ஏறத்தாழ 6 யூனிட் ஆகும், வேகம் மாறும் ஏசிக்கு 4 யூனிட் போதும். டெக்சாஸ் கடற்கரையின் பாட்ரே தீவில் நிலைமை தலைகீழ். அங்கே கடற்கரை மணலிலேயே வண்டியை நிறுத்தித் தங்க அனுமதி உண்டு, மின் இணைப்பு கிடையாது. கோடை இரவிலும் காற்று ஈரத்தோடு 26, 27 டிகிரியில் நிற்கும். பழைய ஏசி அங்கே ஓர் இரவுக்கு 9 யூனிட்டைத் தாண்டக்கூடும். நின்று நின்று ஓடுவதால் ஈரத்தையும் அது சரியாக உறிஞ்சாது. கம்ப்ரசர் நின்று விசிறி மட்டும் ஓடும்போது சுருளில் தங்கிய நீர் மீண்டும் அறைக்குள்ளேயே ஆவியாகிறது. தாழ்ந்த வேகத்தில் தொடர்ந்து ஓடும் ஏசி அங்கே மின்சாரத்தை மட்டுமல்ல, போர்வை நனைந்ததுபோன்ற அந்தப் பிசுபிசுப்பையும் குறைக்கும். புழுக்கமான ஊருக்குப் போகிறவர்கள் பழைய ஏசியை மாற்ற இதுவே போதுமான காரணம்.

ஆகவே தெரிவு இப்படி வருகிறது: பழைய ஏசியை வைத்துக்கொண்டு, சாஃப்ட் ஸ்டார்ட்டும் எட்டு பேட்டரிகளும் வாங்குவது, அல்லது வேகம் மாறும் ஏசியும் ஐந்து பேட்டரிகளும் வாங்குவது. லிதியம் பேட்டரியின் விலை கடந்த சில ஆண்டுகளில் வெகுவாக இறங்கியிருப்பதால் முதல் வழி மலிவாகத் தோன்றலாம். இருந்தாலும் நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் தீர்ந்த எட்டு பேட்டரிகளைத் திரும்ப நிரப்ப வேண்டியிருக்கிறது. சிக்கலின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

கூரையில் ஏசியும் காற்றுப்போக்கிகளும் போக மிஞ்சிய இடத்தில் 800 வாட் பேனல் பொருத்தலாம் என்று கொள்வோம். தட்டையாகக் கிடந்து சூடேறும் பேனல், அமெரிக்காவின் தென்மேற்கில் நல்ல கோடை நாளில் மூன்றரை யூனிட் அளவில் தரும். வேகம் மாறும் ஏசியின் வறண்ட இரவுக்கு அது ஏறத்தாழ ஈடாகும். பழைய ஏசிக்கு ஒரு நாளும் ஈடாகாது. இன்னொரு முரண்பாடும் உண்டு: மரநிழலில் நிறுத்தினால் ஏசியின் வேலை குறையும், ஆனால் பேனல் செத்துவிடும். நிழலில் டிரெய்லரை நிறுத்தி, வெயிலில் கையடக்கப் பேனல்களை விரித்துக் கேபிள் இழுப்பதே நடைமுறையில் நல்ல வழி.

ஜெனரேட்டரை எதிரியாகப் பார்ப்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஹோண்டா ஈயூ2200ஐ தொடர்ந்து 1,800 வாட் தரும், அதன் 3.6 லிட்டர் டாங்க் முழுச் சுமையில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அதாவது மூன்று கிலோவுக்கும் குறைவான பெட்ரோல், நான்கு லிதியம் பேட்டரிகளைவிடக் கூடுதல் ஆற்றல் தருகிறது. கொதிக்கும் பகலில் இதற்கு பேட்டரியால் ஈடுகொடுக்க முடியாது. ஆனால் பூங்காக்களில் நேரக் கட்டுப்பாடு உண்டு: கிராண்ட் கேன்யனின் மேதர் முகாமில் காலை 7 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 8 வரையும்தான் அதை ஓட்டலாம். உயரம் கூடக்கூட ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அதன் திறன் 3.5 சதவீத அளவில் குறைகிறது. 2,100 மீட்டரில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃப் அருகே அதே ஜெனரேட்டர் பழைய ஏசியைத் தனியாக ஓட்டத் திணறும். பேட்டரியும் ஜெனரேட்டரும் சேர்ந்து சுமையைப் பகிரும் வகை இன்வர்ட்டர் இருந்தால் இந்தத் திணறல் தீரும். அனுமதித்த நேரத்தில் சார்ஜ் செய்துகொண்டு, இரவை அமைதியாக பேட்டரியில் கழிப்பதே இரண்டையும் சரியாகப் பயன்படுத்தும் முறை. 7.2 கிலோவாட் மின்சாரம் தரும் ஃபோர்டு எஃப்-150 ஹைப்ரிட் வைத்திருப்பவருக்கு இழுக்கும் வண்டியே ஜெனரேட்டர். அவர் தனியாக ஒன்று வாங்க வேண்டியதில்லை.

48 வோல்ட் அமைப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 3,000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 250 ஆம்பியருக்கு மேல் ஓடும், 48 வோல்ட்டில் 65 ஆம்பியர் அளவே. கேபிள் மெலியும், சூடும் இழப்பும் குறையும். ஆனால் டிரெய்லரின் விளக்கும் மோட்டாரும் 12 வோல்ட்டிலேயே இருப்பதால் தனியாக ஒரு கன்வர்ட்டர் வேண்டும். வண்டி கழன்றால் பிரேக் பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சுக்காக ஒரு 12 வோல்ட் பேட்டரியை வைத்தே ஆக வேண்டும். 10 யூனிட்டுக்கு மேல் கட்டுபவர்களுக்கு மட்டுமே இந்த உழைப்பு தகும்.

எந்த வழியை எடுத்தாலும், மின்சாரத்தைச் சத்தமின்றித் தின்னும் மூன்றை முதலில் நிறுத்த வேண்டும். டிரெய்லரின் சார்ஜர் இன்வர்ட்டர் மின்சாரத்தில் ஓடி அதே பேட்டரியையே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். அதன் பிரேக்கரை அணைக்க வேண்டும். எரிவாயுவிலும் ஓடும் பிரிட்ஜ், 120 வோல்ட்டைக் கண்டவுடன் தானாக மின்சாரத்துக்கு மாறி 300 வாட்டுக்கு மேல் எடுக்கும்; அதை எரிவாயுவில் பூட்டி வைக்க வேண்டும். வாட்டர் ஹீட்டரின் மின்சுருள் ஏசிக்கு இணையாக இழுக்கும்.

நாயையோ வயதானவரையோ ஏசி ஓடும் டிரெய்லரில் விட்டுவிட்டு வெளியே போகிறவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: பேட்டரியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பேட்டரிக்குள் உள்ள பாதுகாப்புச் சுற்று சூட்டிலோ அதிக இழுப்பிலோ துண்டித்துவிட்டால், வெயிலில் நிற்கும் அந்தப் பெட்டி விரைவில் உயிருக்கு ஆபத்தான சூட்டை எட்டிவிடும். கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வெப்பமானி வேண்டும். சிக்னல் இல்லாத காட்டில் அதுவும் பயன்படாது என்பதால், அங்கே யாராவது ஒருவர் உடனிருக்க வேண்டும்.

வாங்கும் முன் உங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு வெப்பமான இரவில் டிரெய்லரை வீட்டு மின்சாரத்தில் இணைத்து, நடுவே மின்சாரம் அளக்கும் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, மற்றவை அனைத்தையும் அணைத்துவிட்டு, ஏசியை மட்டும் தூங்கும் நேரம் முழுவதும் ஓட விடுங்கள். பழைய தெர்மோஸ்டாட்டில் விசிறி எப்போதும் ஓடும் நிலையில் இருந்தால் அதைத் தானியங்கிக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். காலையில் மீட்டர் காட்டும் யூனிட்டோடு இன்வர்ட்டர் இழப்புக்குப் பத்து சதவீதமும், மேகமூட்டமான மறுநாளுக்கு இன்னொரு பாதியும் சேர்த்தால் வருவதே உங்கள் பேட்டரியின் அளவு. அது 10 யூனிட்டைத் தாண்டினால், பேட்டரிக் கடைக்குப் போவதற்கு முன் ஏசிக் கடைக்குப் போங்கள்.