ஜேட் செடி வாங்கலாமா? மாவுப்பூச்சியோடு குடித்தனம் நடத்துபவனின் பதில்

கோயம்புத்தூரில் புது ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சப் போகும் நண்பர், "ஹாலில் வைக்க ஒரு ஜேட் வாங்கலாமா, உங்கள் வீட்டில்தான் பல வருஷமாக இருக்கிறதே" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். ஒரு வரியில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது தடித்த இலை கொண்ட கிராசுலா. நம் ஊர் நர்சரிகளில் ஜேட் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது சின்ன வட்ட இலை, சிவந்த தண்டு உள்ள போர்ட்டுலகேரியா. அது வேறு குடும்பத்துச் செடி. இரண்டுக்கும் தென்னாப்பிரிக்காதான் பூர்வீகம், பராமரிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் மட்டும் கவனம், கிராசுலா இலை அவற்றுக்கு ஆகாது.

தண்ணீர் விஷயத்தில் இதைக் குறை சொல்லவே முடியாது. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேர்த்துவைக்கிற ரகம் என்பதால் நீர் அதிகம் வீணாகாது. ஊருக்குப் போய்விட்டு நிதானமாகத் திரும்பி வரலாம். இலை சுருங்கினால் ஊற்ற வேண்டும், விறைப்பாக இருந்தால் கிட்டேயே போகக் கூடாது. உதிர்ந்த இலை தொட்டி மண்மேல் சும்மா கிடந்தாலே காம்பு முனையில் வேர் விட்டு, பக்கத்தில் கடுகளவு குட்டி இலைகள் தலைகாட்டும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

சரி, மாவுப்பூச்சிக்கு வருவோம்.

இலையும் தண்டும் சேருகிற இடுக்கில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக ஒன்று தெரியும். தூசி என்று நினைத்து நகத்தால் எடுத்தால் பிசுபிசுவென்று நசுங்கும். கீழ் இலைகள் பளபளவென்று ஒட்டும், ஏனென்றால் மேலே இருக்கும் பூச்சிகள் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பாக ஒரு திரவத்தைக் கழிக்கின்றன. அந்த இனிப்புக்கு எறும்பு வரும். வந்த எறும்பு பூச்சிக்குக் காவலும் இருக்கும். மொட்டைமாடியில் இருந்தால் மழை கொஞ்சம் கழுவிவிடும், பொறிவண்டு வந்து கொஞ்சம் தின்னும். ஹாலில் எது வரும்? வெளிச்சமும் போதாமல் தண்டு வெளிறி நீண்டு வளர்கிறது, இடுக்குக்கு இடுக்கு அவற்றுக்கு இலவச வாடகை வீடு. 'இண்டோர் பிளாண்ட்' என்று சீட்டு ஒட்டி விற்பவர்கள் மேல் எனக்குக் கோபமே இதனால்தான். தெற்கு அல்லது கிழக்கு ஜன்னலை ஒட்டி, தினமும் சில மணி நேரமாவது நேர்வெயில் விழ வைக்காவிட்டால் அது இண்டோர் செடி இல்லை, இண்டோர் நோயாளி.

ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். வெறும் தண்ணீர் அடித்தால் பூச்சியின் மெழுகுப் பூச்சில் உருண்டு ஓடிவிடுகிறது. பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் பூச்சியைவிட இலையைத்தான் பதம் பார்க்கிறது, ஜேட்டுக்குச் சோப்பு ஒத்துக்கொள்வதில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை இயர்பட்ஸில் தொட்டு, ஒவ்வொரு இடுக்காகத் துடைப்பதுதான் எனக்கு வேலைக்கு ஆகிறது. மெழுகு கரைந்து பூச்சி அங்கேயே நிறம் மாறிச் சாகும். ஆனால் அந்தப் பஞ்சுக்குள் முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும், எல்லாமா இயர்பட்ஸில் ஒட்டி வரும்? அதனால் வாராவாரம் இதே திருப்பணி. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியும் கையுமாக உட்கார வேண்டியவன் ஸ்பிரிட் வாசனையில் கம்பவுண்டர் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் ஒழிந்தது என்று நிம்மதியானால் போன மாதம் தொட்டி மாற்றும்போது வேர்ப்பந்தின் ஓரத்தில் வெள்ளைப் பொடி. அங்கேயும் அதேதான். மண் முழுக்க உதறி, வேரைக் கழுவி, காயவைத்து, செம்மண்ணில் பாதிக்குப் பாதி பருமணல் கலந்து திரும்ப வைத்தேன். தேங்காய் நார்த்தூள் நிறைந்த நர்சரிக் கலவை வேண்டவே வேண்டாம், நம் ஊர் ஐப்பசி மழைக்காலத்தில் அது காயவே காயாது.

ஆக நண்பருக்கு என் பதில்: ஹாலுக்கு என்றால் வாங்காதீர்கள். அழகு, பொறுமை, ஆயுள் எல்லாம் இருக்கிறது, இருந்தாலும் வேண்டாம். மனசு கேட்காவிட்டால் காசு கொடுத்து வாங்க வேண்டாம், அடுத்த தடவை சென்னை வரும்போது ஒரு கிளை ஒடித்துத் தருகிறேன். வெட்டுவாய் காயும்வரை நிழலில் போட்டுவைத்துவிட்டு நட்டால் போதும். ஒரு மாதமாவது மற்ற செடிகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். என் வீட்டுச் செடி, நான் எதற்கும் உத்தரவாதம் தர மாட்டேன்.